ஐந்து யுவான் பாக்கி

ரிச்சி தெருவில்
ஷட்டரைப் பாதி தூக்குவதற்குள்
பக்கத்துக் கடை தஸ்தகீர் கேட்டுவிட்டான்.
"எப்படி இருந்துச்சு ஏகா, சைனா?"

விலை சொன்னேன்.
இங்கே நாற்பது ரூபாய்க்குப் போகிற ஐ.சி.
அங்கே ஏழு.
பெருமூச்சு விட்டுவிட்டு
அவன் கடைக்குள் போனான்.
அதுதான் அவனுக்கு வேண்டிய சைனா.

டீ மாஸ்டருக்கு வேறு:
பால் கிடையாது, சர்க்கரை கிடையாது,
இலை அப்படியே கிளாசில் மிதக்கும்,
தீரத் தீர வெந்நீர் ஊற்றுவார்கள்,
அதற்குக் காசில்லை.
"அப்ப நான் எத விக்கறது?" என்றார்
ஆற்றிக்கொண்டே.

சிந்தாதிரிப்பேட்டை வீட்டில்
அம்சா கேட்டது உயரம்.
எண்பதாவது மாடியிலும் லைட் எரிந்தது என்றேன்.
"அங்க தண்ணி ஏறுதா?"
மூன்றாவது மாடிக்குக் குடம் தூக்குகிறவள் கேட்கிறாள்.
இத்தனை தூரம் போய்
அதை மட்டும் விசாரிக்காமல் வந்திருக்கிறேன்.

யாரும் கேட்காதது இது.

ஷென்சென்னில் முதல் ராத்திரி
தூக்கம் பிடிக்கவில்லை.
ஜன்னலுக்குக் கீழே எட்டு வழிச் சாலை.
பஸ், டாக்சி, ஸ்கூட்டர் எல்லாம் பேட்டரி.
ஒரு ஹாரன் இல்லை.
டிவியை ஊமையாக்கிவிட்டு
யாரோ எழுந்து போய்விட்ட மாதிரி ஒரு ஊர்.
காதில்தான் கோளாறோ என்று
இருட்டில் விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் மார்க்கெட்.
பத்து மாடி, மாடிக்கொரு ரிச்சி தெரு.
நான்கடிக் கடையில் ஒருத்தி
ஒரு கண்ணால் பிள்ளையின் வீட்டுப்பாடம்,
ஒரு கண்ணால் சால்டரிங்.
அந்த ஈயப் புகை மட்டும்
மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்தது.

மற்றதற்கெல்லாம் போன்.
அவள் அதனிடம் ஏதோ சொல்ல
அது என்னைப் பார்த்துச் சொன்னது:
"தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?"
நாற்பத்தாறு வயதில்
இவ்வளவு மரியாதையாய் யாரும் என்னைக் கேட்டதில்லை.
"ஆச்சுங்க."
போன் வெகுநேரம் யோசித்தது.
பிறகு என்னவோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
என் 'ஆச்சுங்க'
எந்த வேஷத்தில் போய்ச் சேர்ந்ததோ.

உண்மையில் சாப்பிட்டிருக்கவில்லை.

சாயங்காலம் மெட்ரோ வாசலில்
தகர டிரம்மில் சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு.
நூறு யுவான் தாளை நீட்டினேன்.
வண்டிக்காரர் அதைப் பார்த்த பார்வையில்
அது செல்லாத நோட்டாகிவிட்டது.
கயிற்றில் தொங்கிய கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் காட்டினார்.
ஸ்கேன் பண்ண என் போனில் அந்த ஊர்க் காசில்லை.
சூட்டோடு கிழங்கைத் திருப்பி வைக்கப் போனேன்.

பின்னால் நின்ற பையன்
ஹெட்போனைக் கழற்றவில்லை,
என்னைப் பார்க்கவும் இல்லை.
கை மட்டும் என் தோளைத் தாண்டி நீண்டது.
பீப்.
ஐந்து யுவான்.
நன்றி சொல்லப் போனை எடுத்து
பாஸ்வேர்டு போட்டு
மொழியைத் தேர்ந்தெடுத்து நிமிர்ந்தால்
எஸ்கலேட்டரில் இறங்கிக்கொண்டிருந்தான்.
முகம் பார்க்கவில்லை.
பச்சை ஷூ.

திரும்பும்போது ஏர்போர்ட்டில்
தண்ணீர் வாங்கியதில்
மீதியாக வந்தது ஓர் ஐந்து யுவான் தாள்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்,
கரண்ட் பில்லுக்கும்
குரியர்காரன் நம்பருக்கும் நடுவில்.

தஸ்தகீர் குனிந்து பார்த்தான்.
"செல்லுமா இது?"
"பாக்கி."
"யாருக்கு?"
"பச்சை ஷூ."
"புது பிராண்டா? நமக்கு என்ன ரேட்டுக்குத் தருவான்?"

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமி எழுவதற்குள்
ரிச்சி தெரு
இரண்டு விநாடி வாயை மூடியது.

விரலைச் சொடுக்கிப் பார்த்தேன்.